ஹர்கிலாவுக்கு வளைகாப்பு – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அசாமில் ஹர்கிலா நாரைகளைக் காக்கும் பெண்கள் குழுவைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்தில் தலைமுறை தலைமுறையாக வீட்டு மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊரார் வேட்டு போடுவதில்லை, கல்லெறிவதில்லை. விருது, சேலை, ஊர்வலம் எதுவும் இல்லாமலே இது நடக்கிறது. பறவைக்கு வளைகாப்பு நடத்துவதும் அதன் உருவத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடுவதும் கேலிக்கூத்தாக இல்லையா?

இன்னொன்று. எங்கள் ஊர்ச் சந்திப்பில் ஒரு டீக்கடை. அதன்மேல் கவிந்த புளியமரத்தில் வக்காக்கள், அதாவது இராக்கொக்குகள், கூடு வைக்கின்றன. எச்சம் தாங்காமல் கிளைகளை வெட்டச் சொல்கிறார்கள். எங்கள் பறவைக் குழு பள்ளிகளில் பேசுகிறது, ஞாயிறுதோறும் கணக்கெடுக்கிறது. வேறென்ன செய்ய?

எம்., நாங்குநேரி

அன்புள்ள எம்.,

கூந்தன்குளத்தை நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மஞ்சள்மூக்கு நாரை உங்கள் பக்கம் தண்ணீரோடு வரும் பறவை. குளம் பெருகினால் அதுவும் பெருகும், ஆகவே நல்ல சகுனம். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். பார்க்கவும் லட்சணமாக இருக்கும். 1994இல் அரசு சரணாலயமாக அறிவித்தபோது, ஊர் ஏற்கெனவே செய்துவந்ததற்கு ஒரு பலகை வைத்தது, அவ்வளவுதான்.

ஹர்கிலாவுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஏறக்குறைய ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை. செத்த மாடு, எலும்பு, குப்பைமேட்டுக் கோழிக்கழிவு என்று எதையும் தின்னும். தின்றதைக் கொண்டுவந்து கூட்டில் கக்கும்போது கொஞ்சம் கீழே சிந்தும். கீழே இருப்பது காடல்ல, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லை. துணி காயப்போட்டிருப்பார்கள், குழந்தை விளையாடும், சமையல்கட்டு நான்கடி தள்ளி இருக்கும். கூடு கட்டத் தொடங்கும் ஐப்பசி வாக்கிலிருந்து குஞ்சு பறக்கும் பங்குனி வரை இந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்த வேண்டும். அபசகுனம், நோய் பரப்பும் பறவை என்ற பேரும் சேர்ந்துகொண்டது. மரத்தை வெட்டினால் நாற்றமும் போகும், மரத்துக்குக் காசும் வரும். வெட்டியவரைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

காம்ரூப் மாவட்டத்துத் தாதரா கிராமத்தில் 2007இல் அப்படித்தான் ஒரு கடம்ப மரம் வெட்டப்பட்டது. ஒன்பது குஞ்சுகள் கீழே விழுந்தன. அந்தப் பறவையை ஆராய்ந்துகொண்டிருந்த பூர்ணிமா தேவி பர்மன் போய்த் தட்டிக்கேட்டார். கூட்டம் கூடி அவரைக் கேலி செய்தது. அவ்வளவு கரிசனம் என்றால் வந்து எங்கள் வாசலைக் கழுவிவிடட்டுமே என்றார்கள். என் பார்வையில், இந்தக் கதையில் சரியான கேள்வியைக் கேட்டது அந்தக் கூட்டம்தான். பறவை உலகத்துக்குச் சொந்தம், எச்சம் மட்டும் எங்களுக்கா? பர்மனின் பெருமை, அந்தக் கேள்வியை அவமானமாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போகாமல் இருந்தது. முனைவர் பட்டத்தைக்கூட ஒத்திப்போட்டார். அது 2019இல்தான் முடிந்தது.

கொல்லையைக் கழுவுவது பெண்கள். ஆனால் பறவைக்காரர்கள் நடத்தும் கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை. ஆகவே அவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே பர்மன் போனார். பலகாரப் போட்டி வைத்தார், நாம்கர் எனும் வழிபாட்டுக் கூடத்தில் பேசினார். நீங்கள் சிரிக்கும் அந்த வளைகாப்பும் இப்படி வந்ததுதான். கருவுற்ற பெண்ணுக்கு அசாமில் பஞ்சாமிர்தம் கொடுத்து ஒரு சடங்கு செய்வார்கள். கூடு கட்டும் காலத்தில் அதை ஹர்கிலாவுக்குச் செய்தார்கள். அபசகுனம் என்று ஒதுக்கிய ஒன்றை விஞ்ஞானம் பேசி வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. பிள்ளைத்தாய்ச்சி என்று சொல்லிவிட்டால் நம்மூரிலும் யாரும் கையோங்க மாட்டார்கள். அசாமியப் பெண்கள் தறியில் வளர்ந்தவர்கள். அந்தத் தறியில் ஹர்கிலா உருவம் ஏறியது, கமோசா எனும் அசாமியத் துண்டும் சேலையும் விலைபோயின. கூடிருக்கும் மரத்தின் சொந்தக்காரரை மேடையேற்றி மரியாதை செய்தார்கள், அவர்கள் பிள்ளைகள் படிப்புக்கு உதவினார்கள். குஞ்சு தவறி விழுந்தால் ஏந்திக்கொள்ள மரத்தடியில் வலை கட்டினார்கள்.

தாதரா, பசாரியா, சிங்கிமாரி மூன்று கிராமங்களிலும் சேர்த்து 2010இல் 28 கூடுகள் இருந்தன. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் பர்மனுக்கு விருது கொடுத்தபோது 250ஐத் தாண்டியிருந்தது. 'ஹர்கிலா படை' என்ற பெயரில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அருகிவரும் இனங்களின் பட்டியலில் 'ஆபத்தில் உள்ளது' என்ற நிலையிலிருந்து 2023இல் இந்த நாரை ஆபத்து குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது. பீகாரின் பாகல்பூரிலும் கம்போடியாவிலும் நடந்த பாதுகாப்புக்கும் அதில் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

விருதைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். பத்தாயிரம் பேர் செய்தது மேடையில் ஒரே ஒரு பெயராகிவிடுகிறது. அதைவிடப் பெரிய கவலை இரை. குவஹாத்திக்கு அருகே தீபோர் பீல் என்ற பெரிய ஏரி, 2002 முதல் ராம்சார் எனும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம். அதை ஒட்டியே போராகாவ்ன் குப்பைமேடு வளர்ந்தது. மாநகரக் குப்பையில் நூற்றுக்கணக்கான ஹர்கிலாக்கள் மேய்ந்தன. கூட்டை ஊர் காக்கும், வயிற்றை நகராட்சி நிரப்பும் என்றால் அது நெடுநாள் நிற்காது. சேலை விற்று ஏரியை மீட்க முடியாது, அதற்கு வேறு வகைச் சண்டை வேண்டும். குழுவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

இனி உங்கள் புளியமரம்.

பள்ளியில் பேசுங்கள், கணக்கும் எடுங்கள். ஆனால் அந்த வக்காக்களின் தலைவிதி பள்ளிக்கூடத்தில் இல்லை, டீக்கடையில் இருக்கிறது. எச்சம் யார் தலையில் விழுகிறதோ அவரிடம் முதலில் போங்கள். வக்கா மீனைத் தின்று தவளையைத் தின்று எவ்வளவு நன்மை செய்கிறது என்று தொடங்காதீர்கள். அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேளுங்கள். எத்தனை பேர் வண்டியை வேறு கடைக்கு விடுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை பெஞ்சைத் துடைக்கிறார். கடைக்கு முன்னால் சாய்வாக ஒரு தார்ப்பாய் கட்ட என்ன செலவாகும் என்று உங்கள் குழு கணக்கெடுத்தால் அதுவும் பறவைக் கணக்கெடுப்புதான். வாரம் இருமுறை காலையில் கழுவ ஆள் போடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே விளக்குமாற்றோடு நில்லுங்கள். தாதராவில் கேட்டது அதைத்தான்.

மரம் யாருடையது என்பதையும் விசாரியுங்கள். சாலையோரப் புளி என்றால் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது, காய் உலுக்க ஏலம் விட்டிருப்பார்கள். ஏலம் எடுத்தவரும் இதில் ஒரு கட்சி. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குச் சமம், ஆகவே கிளை கழிப்பதென்றாலும் கூடு காலியான பிறகுதான். ஆனால் சட்டத்தைக் கடைசியாகச் சொல்லுங்கள். முதல் நாளே சொன்னால் டீக்குக் காசு வாங்கிக்கொண்டு உங்களை அனுப்பிவிடுவார், அடுத்த வாரம் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளை போயிருக்கும்.

வடகிழக்குப் பருவம் பிடிப்பதற்குள் போய்வந்தால் நல்லது. கடைக்காரர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.