கரிப்புத் தண்ணீரும் அவகேடோவும்: வாசகர் கேள்வி – பதில்

மாடியில் டிரம்மில் எலுமிச்சை, கொய்யா வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ‘குட்டை அவகேடோ, இரண்டே வருடத்தில் காய்’ என்று விளம்பரம் வருகிறது. நம்ம ஊர் வெயிலுக்கு வருமா? வாங்கலாமா?
– வாசகி, கீழக்கரை

சீட்டில் ‘குட்டை’ என்று எழுதி ஒட்டியதெல்லாம் குட்டை ஆகிவிடாது. பிறவியிலேயே அடக்கமாக வளரும் ரகம் என்று பேர் வாங்கியது உர்ட்ஸ். வெளிநாட்டு நர்சரிகளில் ‘லிட்டில் காடோ’ என்று விற்பதும் அதுதான். எட்டிலிருந்து பத்து அடிக்குள் நின்றுகொள்ளும். அதன் அசல் ஒட்டுக்கன்று நம் பக்கம் கிடைப்பது அரிது. மற்றவை பெரும்பாலும் சாதாரண ரகங்களே. விட்டால் முப்பது அடிக்கு மேல் போகும். ஆகவே குட்டை மரம் என்பது பாதி ரகம், மீதி உங்கள் கத்தரிக்கோல்.

ரகத்தைவிட இனத்தைக் கேளுங்கள். அவகேடோவில் மெக்சிகோ, குவாத்தமாலா, மேற்கிந்தியத் தீவு என்று மூன்று இனங்கள். வெப்பத்தையும் உப்பையும் ஓரளவு தாங்குவது மூன்றாவதுதான். கடையில் கறுத்த தோலோடு விற்கும் ஹாஸ், முதல் இரண்டின் கலப்பு. உப்பு என்றால் அதற்கு ஆகாது. கடற்கரை வீட்டுக்கு வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.டி. 1 நெருக்க நடவுக்கு ஏற்றதுதான், ஆனால் அது மலைக்காகத் தேர்ந்த ரகம். இங்கே வைத்தால் சோதனை முயற்சி என்று நினைத்து வையுங்கள்.

நர்சரியில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “வேர்ச்செடி எந்த இனம்?” ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிச்செடிதான் வேர்ச்செடி. மேற்கிந்திய இனத்து விதையில் முளைத்த வேர்ச்செடியில் கட்டிய ஒட்டு என்றால் நல்லது. பதில் சொல்லத் தெரியாத கடையில் 900 ரூபாய் கொடுக்காதீர்கள். ஒட்டுக்கன்று காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். தொட்டியில் சில கன்று இரண்டாம் வருடமே பூக்கும். அந்தப் பூவைக் கிள்ளி விடுவதுதான் மரத்துக்கு நல்லது. தின்ற பழத்தின் கொட்டையைக் கண்ணாடி டம்ளரில் நிறுத்தி முளைக்கவைத்த செடிக்கு ஐந்து முதல் பத்து வருடமும் ஆகலாம். என்ன காய் வரும் என்பதும் அதிர்ஷ்டம்.

எங்கள் போர் தண்ணீர் லேசாகக் கரிக்கும். தென்னைக்கும் வேம்புக்கும் அதைத்தான் விடுகிறோம். அவகேடோவுக்கு ஆகுமா? ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரை விடலாமா?
– வாசகர், பெரியபட்டணம்

இந்தக் கரையில் அவகேடோ செத்தால், பத்தில் எட்டுக்குக் காரணம் வெயில் இல்லை, தண்ணீர்தான் என்று சொல்லத் துணியலாம். தென்னை தாங்குவதை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள். அவகேடோவின் உறிஞ்சு வேர்கள் மேல்மண் அரை அடிக்குள்ளேயே கிடக்கும். மற்றச் செடிகளைப் போல வேர்த்தூவிகளும் அதற்குக் கிடையாது. உப்பு ஏறிய மண்ணில் முதலில் திணறுவது இதுதான்.

ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் பலர் வீட்டில் இருக்கும். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். அதை போர் தண்ணீரில் முக்குங்கள். 500க்குள் காட்டினால் கவலை இல்லை. 500லிருந்து 800 வரை என்றால் மழைநீரும் கைவசம் இருக்க வேண்டும். 1,000ஐத் தாண்டினால் ஆசையை விட்டுவிட்டு அந்த இடத்தில் சப்போட்டா வையுங்கள். அது உப்புக்கு அசையாது. மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும். அவகேடோவைச் சுடுவது அதிலுள்ள குளோரைடு. ஆய்வகத்தில் கொடுத்தால் அதைத் தனியாகச் சொல்வார்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி.

ஆர்.ஓ. கழிவுநீர் கூடவே கூடாது. 900 டி.டி.எஸ். தண்ணீர் உள்ளே போய்ப் பாதி நல்ல தண்ணீராக வந்தால், மீதிப் பாதியில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடியுங்கள். அது காற்றிலிருந்து வடிந்த நீர், உப்பே கிடையாது. நம் ஈரக்காற்றில் இரவு முழுக்க ஓடும் ஏ.சி. ஒரு சின்ன மரத்தின் தாகத்தில் பாதியைத் தீர்த்துவிடும்.

இன்னொரு கணக்கு. 600 டி.டி.எஸ். தண்ணீர் ஒரு லிட்டரில் 0.6 கிராம் உப்பு. தினம் ஆறு லிட்டர் விட்டால் மாதத்தில் சுமார் 108 கிராம். மரம் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். அதனால்தான் ‘தினம் ரெண்டு செம்பு’ என்று பார்த்துப் பார்த்து ஊற்றுபவர் வீட்டு மரம் முதலில் கருகுகிறது. ஊற்றினால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். 100 லிட்டர் டிரம் என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 40, 50 லிட்டர் மழைநீரை மெதுவாகவிட்டு உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

மழைநீர் எங்கே என்று கேட்காதீர்கள். 500 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணானது போக 3,700 லிட்டர் கிடைக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரை நாளுக்கு 8 லிட்டரும், கழுவி விடுவதற்கான தண்ணீரும் சேர்த்து ஒரு மரத்துக்கு 1,350 லிட்டர் போதும். 1,500 லிட்டர் டேங்க் ஒன்று, வெளிச்சம் புகாமல் மூடி வையுங்கள். முதல் மழையில் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். மாடித் தரையில் காற்று கொண்டுவந்து பூசிய உப்பு அதில்தான் இறங்கும்.

கோடையில் சிறு தூறல் விழுந்தால் பைப்பை மூடிவிடாதீர்கள். மேலே பூத்து நிற்கும் உப்பைக் கரைத்து நேரே வேருக்கு இறக்குவதற்கு மட்டுமே அந்தத் தூறல் போதும். அன்றைக்குத்தான் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

இலை நுனி காய்கிறது, புதுத் தளிர் மஞ்சளாக வருகிறது. உரக்கடையில் பொட்டாஷ் போடச் சொன்னார்கள். போட்ட பிறகு இன்னும் மோசம்.
– வாசகர், பாம்பன்

உங்களுக்கு இரண்டு நோய் ஒன்றாக. இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதிர்ந்த இலையின் நுனியில் தொடங்கி, ஓரம் வழியாகச் செங்காவி நிறத்தில் காய்ந்து, பச்சைக்கும் காய்ந்த பகுதிக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் இருந்தால் அது உப்பு. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. அடி இலைகள் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை.

கடையில் மலிவாகக் கிடைப்பது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் குளோரைடு இருக்கிறது. எரிகிற இலையில் எண்ணெய் ஊற்றிய கதை. அவகேடோவுக்குப் பொட்டாஷ் வேண்டுமானால் சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தீவு மண் பவளச் சுண்ணாம்பு. காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அன்னபேதியை (இரும்பு சல்ஃபேட்) மண்ணில் போடுவது வீண், அங்கேயே இறுகிவிடும். ‘இ.டி.டி.எச்.ஏ.’ என்று அச்சிட்ட இரும்பு கீலேட் (மண்ணில் இறுகாதபடி பிணைத்த இரும்பு) 15 கிராமைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து ஈரமண்ணில் ஊற்றுங்கள். வருடத்துக்கு இரண்டு, மூன்று தடவை. பாக்கெட்டில் ‘இ.டி.டி.ஏ.’ என்று இருந்தால் அது வேறு சரக்கு, சுண்ணாம்பு மண்ணில் நிற்காது. அவசரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துத் தளிர்மேல் மாலையில் தெளிக்கலாம். பச்சை திரும்பும், ஆனால் அடுத்த தளிர் மறுபடி மஞ்சளாகவே வரும்.

மண் கலவை என்ன? தரையில் வைக்கலாமா? எங்கள் தெருவில் ஐப்பசி மழைக்கு இரண்டு நாள் தண்ணீர் நிற்கும்.
– வாசகி, தேவிபட்டினம்

இரண்டு நாள் தண்ணீர் நிற்கும் தரையில் குழி தோண்டி வைத்தால் கார்த்திகையைத் தாண்டாது. தரைதான் வேண்டும் என்றால் குழியே வேண்டாம். இரண்டரை அடி உயரம், ஆறு அடி அகலத்துக்குச் செம்மண் மேடு போட்டு உச்சியில் நடுங்கள்.

டிரம் என்றால் 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டி. அடியில் அரை அங்குலத் துளை பத்து, செங்கல்மேல் தூக்கி வையுங்கள். வெளியே வெள்ளை அடியுங்கள் அல்லது சாக்கு சுற்றுங்கள். நீல பிளாஸ்டிக் சித்திரை வெயிலில் மேற்குப் பக்கத்து வேரை வேகவைத்துவிடும். நனைந்த மண்ணோடு 150 கிலோ வரை எடை இருக்கும். மாடியில் என்றால் நட்டநடுவில் வைக்காமல் பீம் ஓடும் இடம் பார்த்து வையுங்கள்.

கலவை: செம்மண் 3 பங்கு, பருமணல் 2, மக்கிய இலை உரம் அல்லது நன்றாக மக்கிய ஆட்டுப்புழுக்கை 2, கருக்கிய உமி 1. கடற்கரை மணல் வேண்டாம். தென்னைநார்க் கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும், மூன்று தண்ணீர் அலசிய பிறகே சேருங்கள். அடியில் ஒரு சாண் ஜல்லி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நுண்மண்ணிலிருந்து தண்ணீர் ஜல்லிக்குள் சட்டென்று இறங்காது, அதன் மேலேயே தேங்கி வேரை அழுகவைக்கும். துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேல் அரை அடி நிற்க வேண்டும். அதற்குக் கீழே முளைக்கும் துளிரை உடனே கிள்ளுங்கள். விட்டால் நாளடைவில் நீங்கள் வாங்கிய ரகம் செத்து, வேர்ச்செடி மட்டும் செழித்து நிற்கும். மேலே நான்கு அங்குலம் சருகு மூடாக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. கரையில் ஒதுங்கும் கடல்தாழையை மூடாக்காகப் போடுவதானால் ஒரு மழையில் கிடந்து அலசிய பிறகு போடுங்கள். கருவாட்டுக் கழிவு எந்த வடிவிலும் வேண்டாம்.

மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓரத்தில் விரலால் கிளறி ஒரு வேரைப் பாருங்கள். வெளுத்த மஞ்சளாக, ஒடியாமல் வளைந்தால் நல்ல வேர். கறுத்து, தொட்டதும் நொறுங்கினால் வேரழுகல்.

காற்றும் வெயிலும் மரத்தைப் படுத்துகின்றன. எட்டு அடிக்குள் நிறுத்துவது எப்படி?
– வாசகர், ஏர்வாடி

கன்று இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை நான்கை மட்டும் விட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீண்டதும் அதன் நுனியையும் கிள்ளுங்கள். பூ வருவது முற்றிய கிளையின் நுனியில்தான். வேலிச்செடி போல மொட்டையாகச் சுற்றி வெட்டினால் அந்த வருடக் காயையும் சேர்த்து வெட்டியதாகும். பெரிய வெட்டு அறுவடை முடிந்தவுடன் மட்டும். பங்குனி, சித்திரையில் கத்தரியைத் தொடவே வேண்டாம். நிழல் போன தண்டின் பட்டை வெயிலில் வெடிக்கும். திறந்து தெரியும் தண்டுக்கு வெளிச்சுவர் வெள்ளை எமல்ஷனைச் சம அளவு தண்ணீர் கலந்து பூசுங்கள். எனாமல் பெயின்ட் கூடாது. முதல் இரண்டு கோடைக்கு 50 சதவீத நிழல்வலை.

உங்களுக்குக் கடல் தெற்கே. ஆனி, ஆடியில் கச்சான் காற்றுதான் உப்பை அள்ளி வரும். தடுப்பு தென்மேற்கில் வேண்டும். தொண்டி, தேவிபட்டினக்காரர்களுக்கு மார்கழி வாடை, தடுப்பு வடகிழக்கில். சுவரைவிடப் பனைமட்டை வேலி மேல். காற்றைப் பாதி விட்டுப் பாதி தடுக்கும். சுவர் என்றால் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று கிளையை முறிக்கும். பலத்த காற்று அடித்த நாளின் மாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுங்கள்.

கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை.
– வாசகி, உச்சிப்புளி

ஆயிரம் பூவுக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே அவகேடோவுக்கு நல்ல கணக்கு. பூ இரண்டு முறை திறக்கும்: முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. ‘ஏ’ வகையில் காலையில் பெண், மறுநாள் மதியத்துக்கு மேல் ஆண். ‘பி’ வகையில் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். உர்ட்ஸும் ஹாஸும் ‘ஏ’. பக்கத்தில் ‘பி’ மரம் ஒன்று இருந்தால் காய்ப்பு கூடும். தெருவுக்கு ஒன்றாக அக்கம்பக்கத்தார் பேசி வைத்தாலும் தேனீ பார்த்துக்கொள்ளும்.

ஒற்றை மரத்திலும் இரு நிலைப் பூக்கள் சிறிது நேரம் சேர்ந்து திறந்திருப்பதுண்டு. நடுவே சூல்முடி மட்டும் நிமிர்ந்து, மகரந்தத்தாள்கள் படுத்திருந்தால் பெண். தாள்கள் எழுந்து நின்று மஞ்சள் தூள் ஒட்டினால் ஆண். மெல்லிய பெயின்ட் பிரஷால் தூளை எடுத்துப் பெண்பூவில் தொட்டுவிடுங்கள். பக்கத்தில் துளசியும் கொத்தமல்லியும் பூக்க விடுங்கள். பூ சமயத்தில் பூச்சிமருந்து, வேப்பெண்ணெய் உட்பட, எதுவும் வேண்டாம்.

காய் மரத்தில் பழுக்காது. ஒன்றைக் காம்போடு பறித்து வெளியே வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் சுருங்காமல் மெத்தென்று ஆனால் மற்றவையும் தயார். ரப்பர்போலச் சுருங்கினால் இன்னும் மூன்று வாரம் பொறுங்கள்.

வெட்டிய கிளையை ஆட்டுக்குப் போடலாமா?
– வாசகர், சாயல்குடி

போடாதீர்கள். அவகேடோ இலையிலும் பட்டையிலும் பெர்சின் என்ற நஞ்சு உண்டு. பால் ஆட்டுக்கு மடி வீங்கிப் பால் வற்றும். அதிகம் தின்றால் இதயம் பாதித்துச் சாகவும் கூடும். முயல், கோழி, கூண்டுக்கிளிக்கும் ஆகாது. மரம் தரையில் இருந்தால் ஆடு எட்டாத உயரத்துக்கு வேலி போடுங்கள். வெட்டியதை மட்கக் குழியில் தள்ளி, மேலே மண் மூடிவிடுங்கள்.