திராட்சைக் கன்று வாங்கும்போது எதற்குக் கூடுதலாகச் செலவிடலாம்?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் ரசாயனம் இல்லாமல் திராட்சை வளர்க்க விரும்புகிறேன். ‘ஆர்கானிக் கன்று’ என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். அதனுடன் உரமும் பூச்சிவிரட்டியும் சேர்ந்த தொகுப்பையும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தொகுப்பு வேண்டாம், அந்தப் பணத்தை நல்ல ரகத்துக்கும் உறுதியான பந்தலுக்கும் செலவிடுங்கள். கன்று எப்படி வளர்க்கப்பட்டது என்பதைவிட அது எந்த ரகம் என்பதே முக்கியம். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் எளிதில் இலக்காகும் ரகத்தை நட்டுவிட்டால், பிறகு எத்தனை பாட்டில் மருந்து வாங்கினாலும் ஆண்டுதோறும் போராட்டம்தான். ஆகவே, ரகத்தின் பெயரையும் அதன் நோய் எதிர்ப்புத் திறனையும் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். விதையிலிருந்து முளைத்த கன்று தாய்க்கொடியின் குணத்தை அப்படியே கொண்டிராது என்பதால், வேர்விட்ட குச்சியா, ஒட்டுக்கன்றா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபில்லாக்சிரா என்ற வேர்ப்பூச்சியோ நூற்புழுவோ உள்ள மண்ணில், அவற்றைத் தாங்கும் வேர்க்கட்டையில் (வேருடன் கூடிய வேறு ரகத்தின் அடித்தண்டில்) ஒட்டிய கன்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமானது. அதை நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும்.

உரத்தில் அளவு தேவை. நன்கு மட்கிய தொழுவுரமே பெரும்பாலும் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலைகள் அடர்ந்து, காற்றோட்டம் குறைந்து, நோய்க்கு வழி ஏற்படும்.

மருந்துகளைப் பொறுத்தவரை, ‘இயற்கையானது’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காமல், உள்ளடக்கமும் இயற்கை வேளாண்மைச் சான்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கந்தகமும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும் இயற்கை முறையில் வரம்புடன் அனுமதிக்கப்பட்டவையே. ஆயினும் மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் சிதையாமல் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். கடும் வெயிலில் தெளித்த கந்தகம் இலையைக் கருக்கும். கான்கார்ட் போன்ற சில ரகங்களுக்குக் கந்தகமே ஒவ்வாது.

நீங்கள் தவறாமல் வாங்க வேண்டிய கருவி, கூர்மையான கவாத்துக் கத்தரிக்கோல். முந்தைய பருவத்தில் முற்றிய குச்சியிலிருந்து எழும் புதுத்தளிரில்தான் குலை வரும் என்பதால், ஆண்டுதோறும் கவாத்து செய்யாத கொடியில் விளைச்சல் குறையும், நோயும் மிகும். முதல் இரண்டு ஆண்டுகளில் குலைகளை எதிர்பார்க்காமல், தண்டை நேராகப் பந்தலுக்கு ஏற்றுவதில் கவனம் செலுத்துங்கள்.