புளியரையைத் தாண்டிப் போகும் அண்ணாச்சிக்கு: உங்கள் மகள் படிக்க விரும்பும் அரசியல் புவியியல்

அண்ணாச்சி, போன வாரம் லோடு இறக்கிவிட்டு நேராக என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். "பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருக்கு. நர்சிங் வேண்டாமாம், பி.காம் வேண்டாமாம். ஜியாகிரபிதான் படிப்பேன்னு நிக்குது. அதுலயும் அரசியல் புவியியல்னு ஏதோ சொல்லுது. மேப் பார்க்கிறதுக்கு எதுக்கு சார் ஒரு டிகிரி?" என்று கேட்டீர்கள். வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்ததால் அன்றைக்கு முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியோடு தென்காசிப் பக்கத்திலிருந்து வேறு பெற்றோரும் வருகிறார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வேலை கிடைக்குமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். பாடம் எதைப் பற்றியது என்று தெரியாமல் வேலையைப் பற்றிப் பேசினால் உங்கள் பயம் போகாது.

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை, புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகக் கேரளத்துப் புனலூருக்குப் போகிறீர்கள். இருபது வருடமாக அதே பாதை. 2017 ஜூலைக்கு முன்னால் வணிகவரிச் சாவடியில் எத்தனை இரவு வண்டியிலேயே தூங்கியிருப்பீர்கள்! ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிகள் போய்விட்டன. 2020-இல் கொரோனா வந்தபோது அதே இடத்தில் பாஸ் இல்லாமல் ஆள் நுழைய முடியவில்லை. இந்தக் காலம் முழுவதும் எல்லைக்கோடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அந்தக் கோடு என்ன வேலை செய்கிறது என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது. யாரை நிறுத்துகிறது, எதை விடுகிறது, யாருக்கு அதில் வருமானம், யாருக்கு நஷ்டம் என்று கேட்பது அரசியல் புவியியலின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. நீங்கள் அனுபவத்தில் அறிந்ததை உங்கள் மகள் பெயர் சொல்லிப் படிக்கப்போகிறாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு நீங்கள் போன பிறகு அவளைச் செங்கோட்டை ஊர் நுழைவாயில் வளைவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். தினமும் அதன் கீழே பஸ்ஸில் போகிறவள்தான், ஆனால் நின்று அண்ணாந்து பார்த்ததில்லை. மேலே இருக்கும் சங்கைக் காட்டி, இது யார் சின்னம் என்று கேட்டேன். தெரியவில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சின்னம். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை செங்கோட்டை கேரளப் பக்கத்து ஊர். என் வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று இருக்கிறது, அதையும் காட்டினேன். அதில் ஆண்டு 1120 என்று போட்டிருக்கும். பிள்ளை திகைத்துப் போய், "எண்ணூறு வருஷப் பத்திரமா சார்?" என்று கேட்டாள். அது கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூரில் வழங்கிய காலக்கணக்கு. 825-ஐக் கூட்டினால் நமக்குத் தெரிந்த கணக்கில் 1945-ஐ ஒட்டி வரும். ஆட்சி மாறினால் காலண்டரே மாறும் என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவளுக்குப் பிடிபட்டது.

எல்லை போன பிறகும் அதன் தடம் நிலத்தில் இப்படி நிற்பதை எச்ச எல்லை என்பார்கள். 1930-களில் ரிச்சர்ட் ஹார்ட்ஷோர்ன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் எல்லைகளை வகை பிரித்தார். ஆட்கள் பெருமளவில் குடியேறும் முன்பே போட்ட கோடு ஒரு வகை. மொழி, மதம், குடியிருப்பு எல்லாம் உருவான பிறகு அவற்றை ஒட்டிப் போட்டது இன்னொன்று. இருக்கிற மக்களைப் பார்க்காமல் மேலே கொண்டுவந்து திணித்தது வேறொன்று. திணித்த கோட்டுக்கு 1947-ஐப் பார்த்தால் போதும். அதற்கு முன் இந்தியாவுக்கே வந்திராத சிரில் ராட்கிளிஃப் ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்தார். 1956-இல் நம் பக்கம் போட்டது மொழியை ஒட்டிய கோடு. இந்த வகைகளைப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். வளைவுக்குக் கீழே நின்று படித்தால் மறக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மலைதான் இயற்கை எல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். செங்கோட்டை மலைக்குக் கிழக்கே இருக்கிறது, இங்கே விழும் மழை தாமிரபரணிப் பக்கம்தான் ஓடும். அப்படியும் மலைக்கு மேற்கே இருந்த திருவிதாங்கூர்தான் இந்த ஊரை ஆண்டது. அப்படியானால் அந்தக் காலத்தில் மலை எல்லையாக இல்லை. பிறகு மொழிவழி மாநிலம் என்று மக்கள் கேட்டதால்தான் கோடு மலைக்கு ஏறியது. மலை தானாக எல்லை ஆகாது, மனிதர்கள் ஆக்கினால்தான் ஆகும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி.

அதே மலையில் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டங்களில் அவ்வளவு தமிழர்கள் இருந்தும் அவை கேரளத்திலேயே நின்றன. பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர் மூவரும் இருந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் அறிக்கை கொடுத்தது. தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு வட்டாரத்தின் உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்பது ஆணையத்தின் வாதத்தின் சாரம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவரை இன்னும் வந்தவர் என்று எப்படிச் சொல்வது? வடக்கே ஆந்திர எல்லையில் கதை வேறு மாதிரிப் போனது. ம.பொ.சி. முதலானவர்கள் போராடி, எல்லைத் தகராறைத் தீர்க்க நியமித்த பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நமக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் வரவில்லை. மக்கள் தொகையா, மொழியா, நிர்வாக வசதியா, எதை வைத்துக் கோடு போடுவது என்ற சண்டை இன்றைக்கும் தீரவில்லை. இந்த இடத்தில் உங்கள் மகள் தன் கட்சியைப் பேசட்டும், எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாக எழுதக் கற்றுக்கொள்ளட்டும்.

இறையாண்மை என்று ஒரு சொல் வரும், பிள்ளைகள் அதைக் கண்டு மிரளுவார்கள். ஒரு நிலத்தின் மேல் கடைசிச் சொல் யாருடையது என்பதுதான் அதன் பொருள். செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911-இல் மணியாச்சியில் அவர் சுட்டது ஆங்கிலேயரின் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை. வீடு ராஜாவின் ஆட்சியில், சுட்ட இடம் வெள்ளைக்காரன் ஆட்சியில், ராஜாவுக்கு மேலும் அதே வெள்ளைக்காரன். கடைசிச் சொல் இப்படி அடுக்கடுக்காகவும் இருக்கும். முல்லைப்பெரியாறு இன்னும் நல்ல உதாரணம். அணை நிற்பது கேரள மண், இயக்குவது தமிழ்நாடு. 1886-இல் ஆங்கிலேயர் திருவிதாங்கூரிடம் 8,000 ஏக்கரை ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகையில் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை பேசினார்கள். 1970-இல் வாடகை 30 ரூபாய் ஆனது. தேனியில் நெல் நடுகிறவரின் வாழ்வு அந்த மலைக்கு அப்பால் இருக்கிறது. அணைக்குக் கீழே இடுக்கியில் குடியிருப்பவருக்கு அணை உடையுமோ என்று இருக்கும் பயமும் பொய்யில்லை. நீரும் நிலமும் வேறு வேறு கைகளில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடமாக வைக்கலாம் இதை.

ஓர் ஆட்சியின் நிலம் ஒட்டாமல் துண்டு துண்டாகக் கிடப்பதற்கு வெளிநாடு போகவேண்டாம். புதுச்சேரி அரசின் மாஹி கேரளத்துக்கு நடுவில், ஏனாம் ஆந்திரத்துக்கு நடுவில். பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை வருடம் கழித்தும் அவன் பிடித்த துண்டுகள் ஒரே நிர்வாகத்தில் இருக்கின்றன. இந்தியாவும் வங்கதேசமும் 2015-இல் ஒன்றின் வயிற்றில் இருந்த மற்றதன் திட்டுகளைப் பரிமாறிக்கொண்டன. நம்முடையவை 111, அவர்களுடையவை 51. அங்கே இருந்தவர்களுக்கு அதுவரை ரேஷன் கார்டுகூட ஒழுங்காகக் கிடையாது.

பெரிய பெரிய கோட்பாடுகளும் பாடத்தில் வரும். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்த அதே 1904-இல் லண்டனில் மெக்கிண்டர் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் ஓர் உரை நிகழ்த்தினார். கடலை ஆண்டவர் காலம் போய், ரயில் வந்ததால் ஆசியாவின் உள்நிலத்தைப் பிடித்தவர் கை ஓங்கும் என்பது அவர் கணக்கு. பிறகு இதய நிலக் கோட்பாடு என்று பேர் வாங்கியது. பின்னால் வந்த அமெரிக்க அறிஞர் ஸ்பைக்மன் அதை மறுத்து, கடலோர விளிம்புதான் முக்கியம் என்றார். தேர்வுக்கு இரண்டும் அவசியம், அதற்கு மேல் மயங்க வேண்டாம். நாடு ஓர் உயிர், அது வளர இடம் வேண்டும் என்று ராட்சல் என்ற ஜெர்மன் புவியியலாளர் எழுதியதை எடுத்துக்கொண்டுதான் நாஜிகள் அடுத்தவன் மண்ணைப் பிடிக்க நியாயம் பேசினார்கள்.

இப்போது செய்தியில் அடிபடும் தொகுதி மறுவரையறையும், அதாவது மக்கள் தொகையைப் பார்த்து மக்களவை இடங்களைத் திரும்பப் பங்கிடுவதும், இதே பாடம்தான். மாநிலங்களின் மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்பின்படி நிற்கின்றன. 1976-இல் மறுபங்கீட்டை நிறுத்தி வைத்தார்கள், அந்தத் தடையை 2001-இல், 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தார்கள். தமிழ்நாட்டின் 39-ம் கேரளத்தின் 20-ம் என்னவாகும் என்று இரண்டு மாநிலத்துக்கும் ஒரே கவலை. இதைப் புரிந்து எழுதத் தெரிந்த ஆட்கள் தமிழில் குறைவு.

சரி, வேலைக்கு வருவோம்.

அரசியல் புவியியல் என்று மட்டும் இளங்கலைப் பட்டம் தேடி அலையாதீர்கள். பி.ஏ. அல்லது பி.எஸ்சி. புவியியலுக்குள் அது ஒரு தாளாக வரும். சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் புவியியல் துறை உண்டு. அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம், கட்டணமும் உங்கள் கைக்கு எட்டும். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மேற்படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், டெல்லியில் ஜே.என்.யு. இருக்கின்றன.

நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான். கருத்து மட்டும் படித்தால் போதாது, கைவேலையும் வேண்டும். அந்தக் கைவேலை கணினியில் வரைபடம் செய்வது, அதாவது ஜி.ஐ.எஸ். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவச வகுப்பு நடத்துகிறது. முதல் வருடத்திலேயே தொடங்கிவிட வேண்டும். நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, வெள்ள அபாய வரைபடம், ட்ரோன் வைத்து வீட்டுமனை அளக்கும் பணி, செய்தி நிறுவனங்களின் தேர்தல் வரைபடம் எல்லாவற்றுக்கும் இதுதான் நுழைவுச் சீட்டு.

இரண்டாவது வழி ஆசிரியர் பணி. பி.எட். முடித்துத் தகுதித் தேர்விலும், பிறகு நியமனத் தேர்விலும் தேறினால் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். பி.எட்.டோடு முதுகலையும் முடித்து அதற்கான தேர்வில் தேறினால் மேல்நிலைப் பள்ளியில் புவியியல். கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தகுதித் தேர்வில் ஓர் அலகே சமூக, பண்பாட்டு, அரசியல் புவியியல்தான். நில அளவர் வேலையை மனதில் வைத்து இந்தப் பட்டத்தில் சேராதீர்கள். அதற்கு ஐ.டி.ஐ., சிவில் டிப்ளமா போன்ற தகுதிகளைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஐ.ஏ.எஸ். கனவு அவளுக்கு இருக்கிறது, உங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள். நல்ல கனவு. முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு மட்டும் 500. புவியியல் பாடத்திட்டத்தில் இதய நிலம், எல்லை விதிகள், மாநிலச் சீரமைப்பு, மாநிலங்களுக்கு இடையிலான பிரச்சினைகள் என்று நான் மேலே சொன்னதெல்லாம் அப்படியே இருக்கின்றன. தமிழிலேயே எழுதலாம். ஆனால் விண்ணப்பிப்பவர்கள் ஏறத்தாழ 10 லட்சம், இடமோ ஐ.ஏ.எஸ். உட்பட எல்லாப் பணிகளுக்கும் சேர்த்தே 1,000 அளவில்தான். என்னிடம் வந்த ஒரு பையன் ஐந்து வருடம் அதை மட்டுமே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வேறு எந்தக் கைவேலையும் இல்லாமல் இருபத்தெட்டு வயதில் திரும்பி வந்தான். அவனுக்கு ஒரு வழி காட்ட எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால்தான் ஜி.ஐ.எஸ். முதலில், அதற்குப் பக்கத்திலேயே தேர்வுத் தயாரிப்பு என்கிறேன்.

கல்லூரி திறக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த லோடுக்கு அவளை முன் சீட்டில் உட்காரவைத்துப் புனலூர் வரை கூட்டிக்கொண்டு போங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். கடைப் பலகை எந்த இடத்தில் மலையாளத்துக்கு மாறுகிறது, மாறிய பிறகும் எது வரைக்கும் தமிழ் கேட்கிறது, எந்தெந்தத் துறைக்காரர்கள் வண்டியை மறிக்கிறார்கள், டீக்கடையில் நீங்கள் எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு வரட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் அந்த நோட்டோடும் மார்க் ஷீட்டோடும் இரண்டு பேரும் வாருங்கள். விண்ணப்பத்தை என் அலுவலகத்திலேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.