கதவுக்கு வெளியே ஒரு தட்டு

கேள்வி: இஸ்ரேலில் ஹைஃபா நகரில் ஆய்வுப் பணியில் இருக்கிறேன். வயது 34. மனைவியும் நான்கு வயது மகளும் உடன் இருக்கிறார்கள். ஆன்மிக வளர்ச்சிக்காக இரண்டு வருடமாக, யூத மறைஞான மரபான கபாலா படிக்கிறேன். கபாலாவின் முதன்மை நூலான ஸோஹாரின் மொழிபெயர்ப்பு, இணைய வகுப்பு, தினமும் குறிப்பேடு என்று எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுதான் முழு அமைதி கிடைக்கும். அறைக்கதவைச் சாத்தினால் நள்ளிரவு தாண்டிவிடும். மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள். அவளுக்குப் புரியும். ஆனால் ஆறு மாதமாக உள்ளே எந்த வளர்ச்சியும் தெரியவில்லை. சஃபேத் நகரில் மூன்று மாதம் தங்கி ஒரு குருவிடம் படித்தால் இந்தத் தேக்கம் தீருமா?
- பெயர் வேண்டாம், ஹைஃபா

பதில்: தம்பி, நீங்கள் படித்ததைப் பற்றி எழுதியதையெல்லாம் தாண்டி, நான் அந்தத் தட்டிலேயே நின்றுவிட்டேன். கதவைத் தட்டக்கூடாது என்று அவளிடம் என்றைக்குச் சொன்னீர்கள்? தட்டை எடுக்கும்போது சோறு சூடாக இருந்ததா? குழந்தை அன்று யாரோடு சாப்பிட்டது? கடிதத்தில் எதுவும் இல்லை. "அவளுக்குப் புரியும்" என்று மட்டும் இருக்கிறது. தியானம், யோகம், மௌன விரதம் என்று எத்தனையோ ஆண்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கடிதத்திலும் இந்த வரி வரும். மனைவியிடம் கேட்டுப் பார்த்துவிட்டு இதை எழுதிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீங்கள் இருக்கும் ஊரில் வெள்ளி பொழுது சாய்ந்தால் கடைகள் பெரும்பாலும் மூடிவிடும். அக்கம்பக்கத்து யூதக் குடும்பங்கள் மெழுகுவத்தி ஏற்றி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் விட்டு உங்களை நம்பி அங்கே வந்த பெண், அந்த நேரத்தில் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு குழந்தைக்கு ஊட்டுகிறாள். உங்களுக்கு அமைதியாகத் தெரிகிற அந்த இரவு அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு வெள்ளியாவது யோசித்தீர்களா?

சரி, உங்கள் கபாலாவுக்கே வருகிறேன். 16ஆம் நூற்றாண்டில் சஃபேத்தில் வாழ்ந்த கபாலா அறிஞர்கள் வெள்ளி மாலையில், சபாத் என்னும் ஓய்வுநாளை மணப்பெண்ணாக எண்ணி, அவளை வரவேற்க வயல்வெளிக்குப் போவார்கள். அவ்வூரில் வாழ்ந்த ஷ்லோமோ அல்கபேத்ஸ் எழுதிய வரவேற்புப் பாட்டை உலகெங்கும் யூதர்கள் இன்றும் பாடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில், பைபிளில் உள்ள நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் "குணசாலியான ஸ்திரீ" பகுதியைப் பாடுகிற வழக்கமும் கபாலா மரபு பரப்பியதுதான். அவர்கள் குணசாலியான பெண்ணைப் பாடிய அதே இரவில்தான் நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள்.

இன்னொன்று. ஸோஹார் வெளிவந்தது 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் என்றாலும், மரபு அதை 2ஆம் நூற்றாண்டு யூத ஆசான் ஷிமோன் பார் யோஹாயின் பெயரில்தான் வைத்திருக்கிறது. அவரைப் பற்றி, யூதர்களின் பழைய சட்ட, விளக்கத் தொகுப்பான தல்மூத்தில் ஒரு கதை உண்டு. ரோமர்களுக்குத் தப்பி, மகனோடு 12 ஆண்டு குகையில் ஒளிந்திருந்து படித்தார். வெளியே வந்ததும் உழுது விதைக்கிறவர்களைக் கண்டு, நித்திய வாழ்வை விட்டுவிட்டு இதையா செய்கிறார்கள் என்று கொதித்தார். அவர் பார்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது. என் உலகத்தை அழிக்கவா வந்தீர்கள், குகைக்கே திரும்புங்கள் என்று வானத்திலிருந்து குரல் வந்தது. இன்னும் 12 மாதம் உள்ளே. மறுபடி வெளியே வந்தபோது, ஒரு வெள்ளி அந்தி மங்கும் நேரத்தில், ஒரு கிழவர் மணக்கிற மிருதுச்செடிக் கொத்து இரண்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார்கள். எதற்கு என்று கேட்டால், சபாத்தைச் சிறப்பிக்க என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அப்பாவுக்கும் மகனுக்கும் மனம் ஆறியது.

இவ்வளவு படித்த உங்களுக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்காது. குகையில் இருந்த 12 ஆண்டு அவருக்கு எரிக்கிற கண்ணைத்தான் கொடுத்தது. நீங்களோ இன்னொரு குகை கேட்கிறீர்கள், மூன்று மாதத்துக்கு.

அதே சஃபேத்தில் வாழ்ந்த மோசே கொர்தொவேரோ (1522-1570) 'தோமேர் தெவோரா' என்று ஒரு சிறு நூல் எழுதினார். இறைவன் வெளிப்படும் பத்து நிலைகளான ஸெஃபிரோத்தை அன்றாட நடத்தையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதுதான் அதன் பொருள். அதில் ஓரிடத்தில், ஆண் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்கிறான் என்கிறார். கீழே மனைவி; அவள் உணவு, உடை, தாம்பத்தியம் மூன்றையும் அவனிடமிருந்து பெறுகிறாள். மேலே ஷெகினா, அதாவது இறைவனின் உடனிருப்பு. அவள் அவனுக்கு அருள்வதே அதை மனைவிக்குக் கொடுப்பதற்காகத்தான். உணவையும் உடையையும் இன்றைக்குப் பெண் தானே சம்பாதித்துக்கொள்வாள். கூட இருப்பதை யார் தருவது? உங்கள் வீட்டில் கொடுக்கிறவள் அவள் ஒருத்திதான்; நீங்கள் கதவிடுக்கில் கை நீட்டி வாங்கிக்கொள்கிறீர்கள். வாய்க்காலை அடைத்துவிட்டு, ஏரியிலிருந்து தண்ணீர் வரவில்லையே என்று எனக்குக் கடிதம் எழுதினால் நான் என்ன செய்ய?

நாற்பது வயதும் கல்யாணமும் ஆகாதவர் கபாலாவைத் தொடக்கூடாது என்று பழைய கட்டுப்பாடு ஒன்று சொல்வார்கள். சஃபேத்தின் பெரிய ஆசான் இஸாக் லூரியா 1572இல் இறந்தபோதே அவருக்கு 38 வயதுதான். அதனால் வயது விஷயத்தில் உங்களை விட்டுவிடுகிறேன். கல்யாண விஷயத்தில் விடமாட்டேன். கட்டிக்கொண்டவளை வெளியே நிறுத்திப் பெறுகிற ஞானத்தை நான் ஞானமாக ஒப்புக்கொள்ள மாட்டேன், அது எந்த மரபில் வந்தாலும் சரி.

சஃபேத்துக்கு இப்போது போகாதீர்கள். வேண்டுமானால் மூன்று பேருமாக ஒரு நாள் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள். ஹைஃபாவிலிருந்து தூரமும் இல்லை.

வருகிற வெள்ளி, பொழுது சாய்வதற்குள் புத்தகத்தை மூடுங்கள். மேசையில் மூன்று தட்டு வையுங்கள், நீங்களே பரிமாறுங்கள். குழந்தை தூங்கிய பிறகு, இந்த இரண்டு வருஷமும் உனக்கு எப்படி இருந்தது என்று அவளிடம் கேளுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொல்வாள். சரி என்று எழுந்து அறைக்குப் போய்விடாதீர்கள்.