காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனைக்கு முதன்முறை செல்வோர் கேட்டவை

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அரசு மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளைக் கவனித்து ஓய்வுபெற்ற செவிலியர் அளித்த பதில்கள்.

செய்யாறு வாசகி: தனியார் மருத்துவமனையில் என் அம்மாவின் மார்பகக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: பயாப்ஸி அறிக்கையை மட்டும் எடுத்துச் சென்றால் போதாது. அந்தச் சதைத்துண்டை மெழுகில் பதித்து, எண் எழுதிய சிறு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள்; அதைத்தான் ‘பிளாக்’ என்கிறோம். பரிசோதனை நிலையத்தில் எழுதிக் கொடுத்து அந்தப் பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோயில் எந்த மருந்து பலன் தரும் என்று முடிவு செய்வதற்கான ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 பரிசோதனைகளை அதிலிருந்தே செய்ய முடியும் என்பதால், அது கையில் இல்லாவிட்டால் அம்மாவுக்கு மறுபடியும் ஊசி குத்திச் சதை எடுக்க நேரலாம். ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கையோடு ஃபிலிம் அல்லது சி.டி.யும் வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் அசலும் நகலும் இருக்கட்டும்.

ஆரணி வாசகர்: முதல் நாளே கீமோ தொடங்கிவிடுவார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அறுவை சிகிச்சை, கீமோ போன்ற மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்றில் எது முதலில் என்பதை அந்தந்தத் துறை மருத்துவர்கள் கலந்து பேசித் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், சில நாட்கள் ஆவது அலட்சியம் ஆகாது.

திண்டிவனம் வாசகர்: கீமோ ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த அப்பாவுக்கு இரவில் காய்ச்சல் அடித்தால், அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திருக்கலாமா?

பதில்: தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். கீமோவுக்குப் பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள், இரத்த வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடுவதால், மற்றவர்களுக்கு இரண்டு நாளில் சரியாகும் தொற்று இவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும், அது 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டு விடியட்டும் என்றிராமல், 108-ஐ அழைத்தாவது அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, கீமோ ஏற்றிய தேதியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வந்தவாசி வாசகி: நாட்டு மருந்தும் சாப்பிடுகிறோம். சொன்னால் மருத்துவர் திட்டுவார் என்று பயமாக இருக்கிறது.

பதில்: திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிக்கும். சில, கீமோ மருந்தின் அளவை உடலில் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கெட்டிருப்பதாகத் தெரிந்தால், காரணம் அறியாத மருத்துவர் நல்ல மருந்தையே நிறுத்திவிடக்கூடும். பொட்டலத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

உத்திரமேரூர் வாசகர்: என்ன நோய் என்று அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் மருத்துவமனையின் பெயர்ப்பலகையிலேயே நோயின் பெயர் இருக்கிறது. அறிஞர் அண்ணா இந்நோயால்தான் 1969-இல் மறைந்தார் என்பதும் நம்மூரில் பலரும் அறிந்ததே. அண்ணனுக்கும் எப்படியும் தெரிந்துவிடும். தெரிந்தபின் அதைப் பேச ஆளில்லாமல் தனியாகத் தவிப்பார். கையெழுத்துப் போட வேண்டியவரும், வலியைத் தாங்க வேண்டியவரும் அவரே. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அரக்கோணம் வாசகர்: ரயிலில் சலுகை உண்டா?

பதில்: உண்டு. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும்போது, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும், உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதமும் தள்ளுபடி ஆகும். ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை தரும் சான்றிதழை முன்பதிவு நிலையத்தில் காட்ட வேண்டும். ஆகவே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.