கெய்ரோ பழைய நகரம்: எந்த வாசலில் தொடங்குவது?

கேள்வி: கெய்ரோவின் பழைய பள்ளிவாசல்களையும் கோட்டைவாசல்களையும் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. உடன் வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

பதில்: வடக்கே பாபுல் ஃபுதூஹ் வாசலில் டாக்சியை விட்டு இறங்குங்கள். அல்-முயிஸ் தெரு வழியாகத் தெற்கே நடந்து பாப் ஸுவைலா வாசலில் முடியுங்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். கான் அல்-கலீலி சந்தையில் இறங்கினால் தெருவின் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். இரு பக்கமும் போய்த் திரும்பி, நடை இரட்டிப்பாகும். வெள்ளிக்கிழமை வேண்டாம்: ஜும்ஆ (நண்பகல் கூட்டுத் தொழுகை) நேரத்தில் பள்ளிவாசல்களைச் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள்.

பாபுல் ஃபுதூஹும், அருகிலுள்ள பாபுன் நஸ்ரும் 1087-இல் ஃபாத்திமிய ஆட்சியின் அமைச்சர் பத்ர் அல்-ஜமாலி கட்டியவை. முன்னதற்கு உருண்டை வடிவக் கோபுரங்கள், பின்னதற்குச் சதுரக் கோபுரங்கள். பாபுன் நஸ்ரின் முகப்பில் கல்லில் செதுக்கிய கேடயங்களைத் தேடிப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் அல்-ஹாகிம் பள்ளிவாசல். 1980-இல் தாவூதி போரா என்ற ஷியா முஸ்லிம் சமூகத்தார் புதுப்பித்ததால் பளிங்கு சற்று அதிகமாகவே பளபளக்கிறது. பத்து நிமிடம் போதும்.

நேரத்தை அல்-அக்மர் பள்ளிவாசலுக்குக் கொடுங்கள். 1125-இல் கட்டிய சிறிய பள்ளி, பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். இதன் முகப்பு தெருவுக்கு ஒட்டி நிற்கிறது. உள்ளே தொழுகைக்கூடம் கிப்லாவை (மக்கா இருக்கும் திசையை) நோக்கித் திரும்பியிருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை முன்சுவரின் கனத்திலேயே அடக்கிவிட்டார்கள்: ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் தடித்து வருவதை உள்ளே போனால் காணலாம். வாசலுக்கு மேலே சிப்பி போல விரியும் வரிகளின் நடுவே ஒரு வட்டம்; அதன் மையத்தில் முஹம்மத், அலி என்ற பெயர்கள்.

அடுத்து சுல்தான் கலாவூன் கட்டிய வளாகம் (1284–85). முகப்பு கிழக்கு பார்த்தது, அதனால் நண்பகலுக்குள் போனால்தான் படம் நன்றாக வரும். உள்ளே கல்லறை மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். பக்கத்திலேயே அந்-நாஸிர் முஹம்மத் மத்ரஸாவின் (மார்க்கக் கல்விக்கூடத்தின்) வாசல்: சிலுவைப்போர்க்காரர்களிடமிருந்து கைப்பற்றிய ஆக்கா நகரத் தேவாலயத்திலிருந்து பெயர்த்து வந்தது.

வழியில் குறுக்கிடும் அல்-அஸ்ஹர் சாலையைத் தரைமட்டத்தில் கடக்க முயல வேண்டாம், வாகனங்கள் நிற்காது. சுரங்கப்பாதை உண்டு, ஆனால் படிகள் இறங்கி ஏற வேண்டும், அம்மாவுக்கு இங்கே கொஞ்சம் நேரம் விடுங்கள். அருகிலுள்ள ஹுசைன் பள்ளிக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.

பாப் ஸுவைலா (1092) மீது நிற்கும் இரட்டை மினாராக்கள் (தொழுகை அழைப்புக் கோபுரங்கள்) அடுத்துள்ள முஅய்யத் பள்ளிக்குச் சொந்தமானவை. மேலே ஏற டிக்கெட் வேண்டும். மாலை நான்குக்கு முன் போய்விடுங்கள். மினாராவின் சுழல்படி குறுகல், இருட்டு, உயரப் படிகள். கைப்பேசி விளக்கு தேவைப்படும். முழங்கால் வலி உள்ளவர் ஏறவே கூடாது. அம்மா முஅய்யத் பள்ளி முற்றத்தில் உட்காரட்டும்.

டிக்கெட்டுக்குக் கார்டு வைத்திருங்கள், பல இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை. ஆனால் செருப்பு பார்ப்பவருக்குச் சில்லறை நோட்டு தனியாக வேண்டும். பெண்கள் தலைத்துணியைக் கையோடு வைத்துக்கொள்ளலாம். காலுறை இருந்தால் கல்தரை சூட்டுக்கு நல்லது.

திரும்ப டாக்சிக்கு பாப் ஸுவைலா வாசலிலிருந்து மேற்கே அஹ்மத் மாஹிர் தெருவில் நடந்து பாபுல் கல்க் சதுக்கத்துக்குப் போங்கள். வாசலடி நெரிசலில் வண்டி கிடைப்பது கஷ்டம்.