முகவரியை வலப்பக்கத்திலிருந்து வாசியுங்கள்

கேள்வி: அம்மாவின் கைபேசிக்கு, அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் பெயரில் ஒரு குறுந்தகவல் வந்தது. அதிலிருந்த இணைய முகவரியில் வங்கியின் பெயரும் ‘எல்கே’ என்பதும் இருந்தன. திறந்தபோது பூட்டு அடையாளமும் தெரிந்தது. கடவுச்சொல் கேட்டதும் பயந்து மூடிவிட்டோம். ஒரு முகவரி யாருடையது என்று எப்படி அறிவது?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: மூடியது மிகச் சரியான செயல். இலண்டனிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள தபால்காரர் முதலில் பார்ப்பது கடைசி வரியிலுள்ள ‘இலங்கை’ என்பதைத்தான். திருகோணமலை, 31000 என்பதும் உங்கள் வீதியும் வீட்டு இலக்கமும் அதற்குப் பிறகே தேவைப்படுகின்றன. இணைய முகவரியும் அப்படியே கடைசியிலிருந்து வாசிக்கப்பட வேண்டியது.

தொடக்கத்திலுள்ள ‘எச்டிடிபிஎஸ்’ என்பதையும் அதையடுத்த இரட்டைச் சாய்கோட்டையும் விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை செல்லுங்கள். அந்தக் கோட்டுக்கு வலப்புறம் இருப்பவை தளத்துக்குள் உள்ள பக்கங்களின் பெயர்கள் மட்டுமே. அங்கே எந்த வங்கியின் பெயரையும் எவரும் எழுதிவிடலாம். கோட்டுக்கு இடப்புறம் உள்ளதைப் பின்னிருந்து வாசியுங்கள். ‘வங்கி.எல்கே.பரிசு.கொம்’ என்றொரு முகவரி இருந்தால், அதன் உரிமையாளர் ‘பரிசு.கொம்’ என்ற பெயரைப் பதிவு செய்தவரே. முன்னால் நிற்கும் ‘வங்கி.எல்கே’ அவர் தம் விருப்பப்படி ஒட்டிக்கொண்ட ஒட்டு. அம்மாவுக்கு வந்ததும் பெரும்பாலும் இவ்வகையானதாகவே இருக்கும். புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு இருந்தாலும் கவனம் தேவை: ‘வங்கி-எல்கே.கொம்’ என்பதும் ஒரு ‘கொம்’ முகவரியே.

‘கொம்’ என்பதை உலகில் எவரும் வாங்கலாம். ‘எல்கே’ என்பது 1990 முதல் இலங்கைக்குரியது, அதில் ‘கவ்.எல்கே’ என முடிபவை அரச நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்டவை. 2010 இல் ‘.இலங்கை’ என்று நம் எழுத்திலேயே முடியும் முகவரிகளுக்கும் அனுமதி கிடைத்தது. அதை நாம் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது எனக்கு வருத்தமே.

இப்பெயர்கள் எல்லாம் மனிதருக்காக ஏற்பட்டவை. கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறிகின்றன. 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த பெயர் முறைமையே, நாம் தட்டச்சு செய்யும் பெயருக்குரிய எண்ணை ஒவ்வொரு முறையும் தேடித் தருகிறது. ஓரெழுத்து மாறினாலும் அது வேறு எண்ணுக்கு, வேறொருவரின் கணினிக்கு நம்மைக் கொண்டுபோய்விடும். ஆங்கில ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பூட்டு அடையாளத்தைப் பலரும் நற்சான்றிதழாக எண்ணிவிடுகிறார்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் வேறெவரும் வாசிக்க முடியாது என்பதையே அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதைச் சொல்வதில்லை.

கடவுச்சொல்லை அம்மா தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால், வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள தொலைபேசி இலக்கத்தை இன்றே அழைத்துச் சொல்லுங்கள். குறுந்தகவலில் தரப்பட்டுள்ள இலக்கத்தை அழைக்க வேண்டாம்.